பெட்டி யாருடையதோ, பக்கம் என்னுடையது

மார்ச் 4, செவ்வாய்

நர்ஸம்மா புத்தகத்தில் இன்று பதினோரு பக்கம் அமைத்தேன். பல் டாக்டர் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சாப்பிட வீட்டுக்குப் போகிறார். அந்த இரண்டு மணி நேரம் வரவேற்பறைக் கம்ப்யூட்டர் எனக்கு. பென் டிரைவைச் செருகி, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, எஃப் 12-ஐத் தட்டினால் என் சிஸ்டம் எழுந்து வருகிறது. திரை வந்ததும் ‘லொள்’ என்று ஒரு நாய் குரைக்கும். இதைச் செய்தவர்களில் யாருக்கோ அப்படி ஒரு குறும்பு. இன்று சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். சீக்கிரமே வந்து காத்திருந்த ஒரு பெரியவர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

வரவேற்பறைப் பெண் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தாள். “அக்கா, எங்க விண்டோஸ் எங்க போச்சு?”

“தூங்குது. நான் கிளம்பினதும் எழுந்துக்கும்.”

“எங்க ஃபைலெல்லாம்?”

“அந்தப் பக்கமே நான் போகமாட்டேன். எல்லாம் இந்தக் குச்சிக்குள்ளதான்.”

நம்பவில்லை. மூன்று மணிக்கு அவளுடைய திரையைத் திரும்ப வரவழைத்துக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்கிறேன், ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஒரு விசாரணை.

மார்ச் 5, புதன்

மருந்துக் கடை வாசலில் அச்சகத்துச் சின்ன முதலாளி. பார்க்காத மாதிரி போயிருக்கலாம். விடவில்லை.

“என்னக்கா, நர்ஸம்மா புத்தகத்த நீங்க பண்றீங்களாமே? எதுல பண்றீங்க? உங்ககிட்ட சிஸ்டமே கிடையாதே?”

சிரிப்பு வேறு. பக்கத்தில் நின்றவரும் சேர்ந்து சிரித்தார், அவருக்கு என்ன புரிந்ததோ.

பத்தொன்பது வருடம் அவர்கள் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்தேன். அப்பா என்னை வேலைக்கு எடுத்தார், மகன் என்னை வீட்டுக்கு அனுப்பினார். ஜனவரியில் புது மெஷின், மாதாமாதம் உரிமம் புதுப்பிக்கிற புது மென்பொருள். “இனிமே இதெல்லாம் உங்களுக்கு ஏறாதுக்கா. ஓய்வெடுங்க” என்றார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. என்ன ஓய்வு? யாருக்கு வேண்டும் ஓய்வு?

வாயே திறக்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது பதில் பதிலாக வருகிறது. இப்போது வந்து என்ன புண்ணியம்.

மார்ச் 6, வியாழன்

என் சிஸ்டத்தை எழுப்ப எங்கே எந்த விசை என்று ஒரு பட்டியல். பல் டாக்டர்: எஃப் 12. டைலர் கடை: எஃப் 2, அப்புறம் ஒன்று. பஸ் டிப்போ ஸ்டோர்: எஸ்கேப், விடாமல், விரல் வலிக்கும்வரை.

மார்ச் 9, ஞாயிறு

என் தம்பி போன் செய்தான். இன்னொரு ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன்; இந்தப் பென் டிரைவைத் தயாரித்துத் தபாலில் அனுப்பியவன் அவன்தான். விண்டோஸுக்குப் பதிலாக ஒரு பொடி லினக்ஸ், பக்கம் அமைக்க இலவச மென்பொருள், எழுத்துருக்கள், நான் பழகிய பழைய தட்டச்சு முறை எல்லாம் உள்ளே. பத்து வருடத்துப் பழைய பெட்டியிலும் ஓடும். இந்தக் குறிப்புகளும் அதில்தான் இருக்கின்றன. அந்த வகையில் யாரும் என் டைரியில் மூக்கை நுழைக்க முடியாது.

“புதுசா ஒண்ணு வாங்கற வரைக்கும் ஓட்டுக்கா” என்றான்.

“இது ஓடற வரைக்கும் எதுக்குடா புதுசு?”

“அது சரி. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. இது மொத்தமும் பெட்டியோட நினைவகத்துலதான் ஓடும். மேசைமேல இருக்கிற ‘சேமி’ பொத்தானை அழுத்தினாத்தான் டிரைவுக்குள்ள போகும். அழுத்தாம பெட்டிய அணைச்சிட்டா போச்சு.”

எனக்குத் தெரியாதா? தட்டச்சு படித்தவள் நான்.

மார்ச் 10, திங்கள்

நர்ஸம்மா இன்று நான்காவது நோட்டைக் கொடுத்தார். மொத்தம் ஏழு. முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். இப்போது ஓய்வு பெற்று, வீடுகளுக்குப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறார். அதற்கான புத்தகம் இது. 212 பக்கம் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஏப்ரல் 21 வகுப்பு தொடக்கம், முப்பத்திரண்டு பெண்கள். அன்று காலை ஒவ்வொருத்தி கையிலும் புத்தகம் இருக்க வேண்டும்.

சின்ன முதலாளி அவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார், நான் முடிக்கமாட்டேன் என்று. நர்ஸம்மா என்னிடம் மறைக்கவில்லை. “முடிப்பியா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, அவங்ககிட்ட கொடுத்துடறேன். கோவிச்சுக்க மாட்டேன்” என்றார்.

“முடிப்பேன்.”

“கம்ப்யூட்டர் இல்லாமயா?”

“ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் என்னுதுதான் நர்ஸம்மா, கொஞ்ச நேரத்துக்கு.”

சொல்லிவிட்டேன். இனி முடித்தாக வேண்டும். அச்சடிக்க மட்டும் சின்ன முதலாளியிடம்தான் போக வேண்டும், ஊரில் வேறு அச்சகம் இல்லை. அது அப்போது பார்க்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

அதிர்ஷ்டம் என்பதா? ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் ஒரு பெட்டி மூன்று மாதமாகத் துணி போர்த்திக் கிடந்தது. ஹார்டு டிஸ்க் செத்துவிட்டதாம், கடைக்காரி பழைய இரும்புக்காரருக்குப் போட வைத்திருக்கிறாள். எனக்கு ஹார்டு டிஸ்க் எதற்கு? குச்சியைச் செருகினேன். லொள்! ஜெராக்ஸ்காரி வெளியிலிருந்து “யாரு நாய உள்ள விட்டது?” என்று கத்திக்கொண்டே துடைப்பத்தோடு வந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

ஒப்பந்தம் ஆகிவிட்டது. நாள் முழுக்க நான் உட்கார்ந்து வேலை செய்யலாம். பதிலுக்கு, வருகிறவர்களுக்குப் பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும், அவள் முன்னால் ஜெராக்ஸைப் பார்த்துக்கொள்வாள். பிரிண்டருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தம்பி போனிலேயே சொல்லிக்கொடுத்தான். பட்டியலில் புது வரி: ஜெராக்ஸ் கடை, எஃப் 12. ஆனால் விசைப்பலகையில் அந்த விசை பசை மாதிரி ஒட்டுகிறது. இருபது தடவை தட்டினால் ஒரு தடவை கேட்கும்.

மார்ச் 19, புதன்

96 பக்கம்!

இன்று ஒரு கண்டுபிடிப்பு. இந்தப் பெட்டியில் பென் டிரைவ் செருக உருப்படியாக இருப்பது ஒரே ஒரு துளை. பிரிண்ட் எடுக்க ஒருவர் அவருடைய பென் டிரைவோடு வந்தால் என்னுடையதைப் பிடுங்க வேண்டும். பயந்துகொண்டே பிடுங்கினேன். ஒன்றுமே ஆகவில்லை! சிஸ்டம் பாட்டுக்கு ஓடுகிறது, நினைவகத்தில்தானே இருக்கிறது. அவருடையதைச் செருகி, அச்செடுத்து, என்னுடையதைத் திரும்பச் செருகினேன். குதிரையை விட்டு இறங்கின பிறகும் குதிரை நடக்கிறது.

மாலையில் ‘சேமி’ அழுத்திவிட்டுக் கிளம்பினேன். ஜெராக்ஸ்காரி இப்போது என்னைப் ‘பென் டிரைவு’ என்றுதான் கூப்பிடுகிறாள். “ஏய் பென் டிரைவு, டீ ஆறுது!”

மார்ச் 22, சனி

காலையில் அந்த எஃப் 12-ஓடு இருபத்தைந்து நிமிடம் மல்லுக்கட்டினேன். இனி பெட்டியை அணைக்கப் போவதே இல்லை, அப்படியே ஓடட்டும் என்று சொல்லிவிட்டேன். ஜெராக்ஸ்காரியும் சரி என்றாள்.

மார்ச் 24, திங்கள்

118. நர்ஸம்மாவுக்கு அச்செடுத்து அனுப்பியதில் ஐந்தே ஐந்து திருத்தம். சின்ன முதலாளி, வந்து பாருங்கள்.

மார்ச் 28, வெள்ளி

இடையில் மூன்று நாள் இல்லை. செவ்வாய், புதன், வியாழன். எழுதியிருந்தேன், மூன்று நாளும் எழுதினேன். போய்விட்டது. அதோடு நாற்பத்து மூன்று பக்கம் போய்விட்டது.

எப்படி நடந்தது என்று எழுதிவைக்கிறேன், எனக்காகவாவது. பிரிண்டுக்கு ஆள்மேல் ஆள். பிடுங்குகிறேன், செருகுகிறேன், பிடுங்குகிறேன். பெட்டியை அணைப்பதில்லை, அதனால் திங்களுக்குப் பிறகு மாலையில் ‘சேமி’ அழுத்துகிற பழக்கம் விட்டுப்போனது. ஆனால் கன்ட்ரோல் எஸ் போட்டேனே! ஒரு பத்திக்கு ஒரு தடவை போட்டேன், விரல் தானாகப் போடும், பத்தொன்பது வருடப் பழக்கம். போட்டதெல்லாம் நினைவகத்துக்குள்ளேயே போட்டிருக்கிறேன். நேற்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். குச்சி என் கைப்பையில். ஜெராக்ஸ்காரி தரை துடைக்க மெயின் சுவிட்சை அணைத்தாள்.

அவ்வளவுதான்.

அவள் அழுதாள். “ஐயோ அக்கா, ஷாக் அடிக்கும்னு அணைச்சேன்கா.” அவளை என்ன சொல்வது. தண்ணீர் ஊற்றிய தரை, அணைக்கத்தான் செய்வார்கள். தப்பு என்னுடையது. தம்பி சொன்னான். எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். தெரியும்னு நினைச்சியே, இப்ப என்ன பண்ணப் போற? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். வேலை முடிந்து வந்து, நான் இருந்த கோலத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அந்தம்மாகிட்ட எப்ப சொல்லப்போற?” என்றார். “எஞ்சின் கழட்டினப்ப ஒரு போல்ட்டு உள்ள விழுந்துட்டா நாங்க உடனே சொல்லிடுவோம். சொல்லாம மூடினவன்தான் மாட்டுவான்.”

நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 29, சனி

சொன்னேன். சமாதானம் எதுவும் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி.

நர்ஸம்மா “எந்தப் பாடம்?” என்று கேட்டார்.

“படுக்கைப் புண்ணும் பக்கவாதமும்.”

“அதுதான் முக்கியமான பாடமே.”

“தெரியும்.”

“அச்சகத்துக்கே கொடுத்துடட்டுமா?”

இங்கே எனக்குக் கோபம் வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்தது. “கொடுங்க. ஆனா அவங்க மே மாசத்துக்கு முன்னாடி முடிக்கமாட்டாங்க. நான் பத்து நாள்ல முடிப்பேன். கோட்டை விட்டது நான்தான், எடுத்துக் கட்டறதும் நான்தான்” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் வீட்டில் நின்றுகொண்டு அவரிடமே கத்துகிறேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “கத்தாத. என் கையெழுத்த நீ எழுத்துக்கூட்டிப் படிச்சு அடிக்கறதவிட நான் வாசிச்சா சீக்கிரம் முடியும். திங்கட்கிழமை வர்றேன்.”

மார்ச் 31, திங்கள்

பின்னறையில் நர்ஸம்மாவுக்கு ஒரு நாற்காலி. அவர் வாசிக்கிறார், நான் அடிக்கிறேன். ஆஸ்பத்திரிக் குரல், முற்றுப்புள்ளியைக்கூட உத்தரவாகத்தான் சொல்கிறார். அரை மணிக்கு ஒரு தடவை ஜெராக்ஸ்காரி முன்னாலிருந்து கூவுகிறாள்: “பென் டிரைவு, சேமிச்சியா?” தெருவே திரும்பிப் பார்க்கிறது. சேமிச்சாச்சு, தாயே.

மெயின் சுவிட்சின்மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: தொட்டால் கை இருக்காது.

ஏப்ரல் 3, வியாழன்

படுக்கைப் புண் பாடம். முதல் தடவை அடித்தபோது கை அடித்தது, மனசு வேறெங்கோ இருந்தது. இன்று வாசிக்கக் கேட்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை, தினமும் பார்க்க வேண்டும். தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது. நாங்கள் நான்கு பேர் இருந்தோம் வீட்டில். ஒருவருக்கும் தெரியாது. அசைத்தால் வலிக்குமே என்று அசைக்காமல் வைத்திருந்தோம், அன்பு என்று நினைத்து. அடிப்பதை நிறுத்திவிட்டேன். நர்ஸம்மா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“தெரியாமதானே பண்ணீங்க” என்றார். “தெரிஞ்சவங்க சொல்லாம விட்டதுதான் தப்பு. அடி.”

அடித்தேன். மே மாதம் வரட்டும் என்று இதைத் தள்ளிப்போட முடியாது. யாரோ ஒரு வீட்டில் ஒரு முதுகு காத்துக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

212. முடிந்தது. மூன்று இடத்தில் சேமித்தேன்: குச்சியில், தம்பி அனுப்பிய இரண்டாவது குச்சியில், வீட்டுக்காரர் சட்டைப்பையில் ஒன்று. “இது என்ன தாலியா, ராத்திரி பகலா நெஞ்சோட வச்சிருக்க?” என்கிறார். பேசாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

அச்சகத்துக்குப் போனோம், நர்ஸம்மாவும் நானும். சின்ன முதலாளி கோப்பைத் திறந்தார். திறக்காது என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. திறந்தது. பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கண் தேடுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

“இது என்னக்கா, ‘பக்க வடிவமைப்பு’ன்னு உங்க பேரு போட்டிருக்கு?”

“பண்ணினது நான்தானே.”

“நம்ம அச்சகத்துல அடிக்கிற புத்தகத்துல நம்ம பேருதான் வரும். உங்களுக்குத் தெரியாததா? மாத்தித் தாங்க, 19-ஆம் தேதி புத்தகம் கையில இருக்கும். இல்லன்னா வேலை நெறைய இருக்கு, மே மாசம் பாக்கலாம்.”

தெரியும். பத்தொன்பது வருடத்தில் எத்தனை புத்தகம், நானூறு இருக்குமா? ஒன்றிலும் இல்லை. அப்போது அது உறுத்தியதே இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. ஓய்வெடு என்று அனுப்பிவிட்டு, நான் தெருத்தெருவாகப் போய் அடித்த பக்கத்துக்கு அவர் பெயரா? என்னைக் கிள்ளுக்கீரை என்றே முடிவு செய்துவிட்டாரா?

“மாத்த மாட்டேன்” என்றேன்.

வெளியே வந்ததும் நர்ஸம்மா பிடித்துக்கொண்டார். “பேரு என்னம்மா பேரு! முப்பத்திரண்டு பொண்ணுங்க வந்து உக்காந்துடும். எனக்குத் தேதிதான் முக்கியம்.”

அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

என் பெயரை எடுத்துப் பார்த்தேன். திரையில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. திரும்பப் போட்டேன். மறுபடி எடுத்தேன். ஒரு வரிக்கு இவ்வளவு வீம்பா? ஆமாம், வீம்புதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜெராக்ஸ்காரி எட்டிப் பார்த்து, “எத்தன பொண்ணுங்க?” என்றாள்.

“முப்பத்திரண்டு.”

“ஐந்நூறு காப்பி வேணும்னாத்தான் அச்சகம். முப்பத்திரண்டுக்கு எதுக்கு அவங்க வாசல்ல போய் நிக்கணும்? இந்தப் பெட்டியும் பிரிண்டரும் என்ன, காட்சிக்கா வச்சிருக்கு?”

இத்தனை நாள் அந்தப் பிரிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். புத்தகம் என்றால் அச்சகம் என்று புத்தி அப்படியே உறைந்துபோயிருக்கிறது. எனக்கே வெட்கமாக இருந்தது.

பெயரை அதன் இடத்தில் போட்டேன். சேமித்தேன். நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “தேதி?”

“தேதி மாறாது.”

“அப்ப உன் பேர நீ வச்சுக்கோ.”

ஏப்ரல் 15, செவ்வாய்

ஏழு கட்டுத் தாள். ஒரு பக்கம் அடித்து, திருப்பி வைத்து, மறுபக்கம். நூறு தாளுக்கு ஒருமுறை பிரிண்டர் சூடாகி அடம்பிடிக்கிறது. விசிறி வைத்து ஆற்றுகிறோம். ஜெராக்ஸ்காரி ஒரு கட்டைத் தலைகீழாக வைத்துவிட்டாள், அறுபது தாள் வீண். மறுபடி அடித்தோம். நாற்பத்து மூன்று பக்கத்தைத் தொலைத்தவள் என்ன சொல்ல முடியும்?

ஏப்ரல் 18, வெள்ளி

இருபத்து நான்கு பிரதி தயார். வீட்டுக்காரர் டிப்போ முடிந்து வந்து கம்பிச்சுருள் கோத்துத் தருகிறார், விரலில் கிரீஸ் இல்லை என்று இரண்டு தடவை காட்டிவிட்டு.

ஏப்ரல் 21, திங்கள்

முப்பத்திரண்டு. காலை ஒன்பதுக்கு ஒவ்வொரு மேசைமேலும் ஒன்று. நான் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தேன், நர்ஸம்மா இருக்கச் சொன்னார்.

இடைவேளையில் ஒரு பெண் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். முப்பது வயதுக்குமேல் இருக்கும். கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பெயரில் விரலை வைத்து, “இது நீங்களா?” என்றாள்.

“நான்தான்.” நெஞ்சு நிமிர்ந்ததை ஒத்துக்கொள்கிறேன்.

“நூத்தி நாப்பதாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு.”

பார்த்தேன். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை மாற்றுவது. போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், சரி. கழற்றும்போதும் செயலிழந்த கை ‘முதலில்’ என்று இருந்தது. “எங்க அப்பாவுக்கு நாலு வருஷமா நான்தான் மாத்தறேன்” என்றாள் அவள். “கழட்டறப்ப நல்ல கைதான் முதல்ல. இப்படி இழுத்தா தோள் கழண்டுடும்.” நர்ஸம்மா நோட்டைப் பார்த்தார். அதில் ‘கடைசியில்’ என்றுதான் இருக்கிறது. அடித்தது நான்.

பத்தொன்பது வருடத்தில் எத்தனை தப்பு விட்டிருப்பேன்! ஒருவர்கூட என்னைத் தேடி வந்ததில்லை. யாரைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிந்தது.

பேனாவை எடுத்துக்கொண்டு முதல் மேசையிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொருத்தியும் நூற்று நாற்பதாம் பக்கத்தைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். நான் குனிந்து, ‘முதலில்’ என்பதை அடித்து, ‘கடைசியில்’ என்று எழுதினேன், முப்பத்திரண்டிலும். வாசலில் ஏதோ சாக்கில் வந்து நின்ற சின்ன முதலாளி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகத்தான் தெரிந்திருக்கும். நான் நிமிர்ந்து விளக்கம் சொல்லவில்லை.